செம்புறாங்கல்லை நகையில் பதிக்கும் முன் ஒரு மழைக்காலம் பொறுங்கள்

காரைக்குடியைச் சுற்றி இடிபடும் வீடுகளிலிருந்து வருகிற ஆத்தங்குடிப் பூப்போட்ட தரைக்கல் துண்டு, பழைய மதில் செம்புறாங்கல், கொட்டாங்கச்சி இவற்றை அறுத்துத் தேய்த்து, வெள்ளியில் பதித்து விற்பது என் தொழில். படங்களைப் பார்த்துவிட்டு "நானும் இதைச் செய்யலாமா அக்கா" என்று கேட்கிற பெண்கள் இப்போது அதிகம். செய்யலாம். ஆனால் நான் ஆரம்பித்தபோது இந்தப் பொருட்கள் நகைக்குள் போனால் என்ன ஆகும் என்று சொல்ல ஒருவரும் இல்லை. அதனால் போன பணமும், ஒரு வருடத்துக்கு மேல் போன தூக்கமும் எனக்குத்தான் தெரியும். அதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் நகை என்றால் கழுத்துரு என்கிற கல்யாணத் தாலி மாலை, வைரத்தோடு, பர்மாக் கெம்பு. கல்லின் நீரோட்டம் பார்த்து வாங்குகிற ஆச்சிமார் நடுவில் வளர்ந்தவள் நான். இதே ஊர்களில் வீடுகள் ஒவ்வொன்றாக விழுவதையும் பார்த்தேன். பர்மாத் தேக்குத் தூணும் நிலையும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போய்விடும், அவற்றுக்கு விலை உண்டு. உடைந்த தரைக்கல்லுக்கு விலை கிடையாது, பள்ளம் நிரப்பக் கொட்டிவிடுவார்கள். என் அத்தை வீட்டுக் கூடத்தில் நாங்கள் தாயக்கட்டை உருட்டிய அந்தப் பூக்கல் லாரியில் மண்ணோடு மண்ணாகப் போனபோதுதான், இதை யாராவது உடம்பில் போட்டுக்கொள்கிற மாதிரி செய்ய வேண்டும் என்று தோன்றியது. சென்னையில் நகைக்கடை ஒன்றின் வடிவமைப்புப் பிரிவில் வேலை பார்த்திருந்தேன், வரையத் தெரியும். கல்லறுக்கப் புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கிடைத்தார். அந்தப் பக்கமும் திருச்சிப் பக்கமும் செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டிப் பிழைத்த குடும்பங்கள் நிறைய. வேலை குறைந்து சும்மா கிடந்த சக்கரத்தை அவர் எனக்காக மறுபடி ஓட்டினார்.

ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வருகிற எல்லோரும் முதலில் இதில்தான் கை வைக்கிறார்கள். அது சூளையில் சுட்ட ஓடு அல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, ஆக்சைடு நிறம் கலந்த சிமெண்ட்டை ஊற்றி, அதன் முதுகில் மணலும் சிமெண்ட்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்த பளபளப்பு. நிறம் மேலே மெல்லிய ஓர் அடுக்குத்தான், கீழே வெறும் சாம்பல் நிறச் சிமெண்ட். கெம்புக்குச் செய்கிற மாதிரி மேடாக உருட்டித் தேய்த்தால் ஓரமெல்லாம் சாம்பல் தெரியும். ஆகவே முகத்தைத் தொடாமல், தட்டையாக, சதுரமாகவோ வட்டமாகவோ அறுத்துக்கொள்ளுங்கள். முதுகை மட்டும் தேய்த்து மெல்லிசாக்குங்கள், எடை குறையும், காதில் தொங்கும்போது தெரியும். பல ஆண்டுகள் கால் பட்டுத் தேய்ந்த கல்லில் வருகிற வழவழப்பு புதுக்கல்லில் வராது. நான் பழைய கல்லைத் தேடி அலைவது அதற்காகத்தான்.

செம்புறாங்கல் வேறு குணம். பூமிக்குள் இருக்கும்போது மண்வெட்டிக்கு வெட்டுப்படுகிற அளவு மெத்தென்று இருக்கும், வெளியே வந்து காற்றுப்பட்டால் இறுகும். இரும்பும் அலுமினியமும் நிறைந்த கல், அந்தச் சிவப்பும் காவியும் இரும்பு கொடுத்தவை. தேன்குழலை உடைத்தால் தெரிகிற மாதிரி உள்ளே முழுக்கத் துளை. அந்தத் துளைகளின் கோலம்தான் அதன் அழகு, அதன் ஆபத்தும் அதுவே.

முதல் ஒரு வருடம் உறவுக்கும் தெரிந்தவர்களுக்கும் செய்து கொடுத்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். கண்டாங்கிச் சேலைக்கு இதைவிடப் பொருத்தம் இல்லை என்றார்கள். பிறகு சென்னையில் கைவினைப் பொருள் விற்கிற கடை ஒன்று, பெயர் வேண்டாம், பதக்கமும் தோடுமாக அறுபது செட் கேட்டது. நவராத்திரிக்கு முன்னால் வேண்டும், விற்க விற்கப் பணம், விற்காதது திரும்பி வரும் என்று பேச்சு. முன்பணம் இல்லை. என் வளையல்களைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்தேன். வெள்ளிக்கு ஏறக்குறைய 64,000 ரூபாய், பத்தர் கூலி 30,000, கல்லறுத்த கூலி 15,000, பெட்டியும் கூரியரும் சேர்த்து 7,000. மொத்தம் 1,16,000 ரூபாய் என் கையை விட்டுப் போனது. சரக்கு போய்ச் சேர்ந்த அன்று கடையிலிருந்து மாலை போட்ட மாதிரி வார்த்தைகள் வந்தன. கொலு சமயத்தில் நன்றாக விற்கிறது என்றும் சொன்னார்கள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகையில் போன். "மேடம், கல்லு மேல வெள்ளையா பூத்திருக்கு." துடைத்தால் போகிறது, இரண்டு நாளில் திரும்ப வருகிறது என்றார்கள். அடுத்த வாரம் வேறு புகார். செம்புறாங்கல் பதக்கம் போட்ட ஒரு பெண்ணின் கிரீம் நிறப் பட்டு ரவிக்கையில் நெஞ்சுப் பக்கம் காவிக்கறை. ரவிக்கைக்கு நஷ்டஈடு கேட்டார்கள், கொடுத்தேன். மார்கழியில் மிச்சச் சரக்கு முழுவதும் திரும்பி வந்தது. விற்றுப்போன செட்டுகளுக்கு வரவேண்டிய 38,400 ரூபாயும் வரவில்லை. "புகார் தீரட்டும், பார்க்கலாம்" என்பதோடு பேச்சு முடிந்தது, அதன் பிறகு போனையே எடுக்கவில்லை.

அந்தப் பெட்டிகளைப் பிரித்த நாளை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. பெட்டிக்குப் பெட்டி கல்லெல்லாம் சாம்பல் பூசினது போல் இருந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. தை மாதக் கல்யாணங்களுக்குப் போகாமல் இருக்க உடம்பு சரியில்லை என்று சாக்குச் சொன்னேன். "வளையல் எங்கே ஆச்சி?" என்று யாராவது கேட்டுவிடுவார்களே என்ற பயம். பத்தரிடம் மட்டும் காட்டினேன். அவர் ஒரு பதக்கத்தை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆச்சி, நாங்க கெம்பும் பச்சையும் வைரமும்தான் பாத்திருக்கோம். அதெல்லாம் தண்ணி குடிக்காத கல்லு. இது குடிக்கிற கல்லு" என்றார். எனக்கு வழி திறந்தது அந்த ஒரு வாக்கியத்தில்.

அந்த வெள்ளை என்ன என்று பிறகு ஒரு கட்டடப் பொறியாளர் விளக்கினார். சிமெண்ட்டுக்குள் கரையாமல் மிச்சமிருக்கும் சுண்ணாம்பு, ஈரம் உள்ளே போனால் அதில் கரைந்து மேலே வரும். காற்றில் இருக்கும் கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளைப் படலமாக உறையும். சுவரில் உப்புப் பூப்பதைப் பார்த்திருப்போமே, அதே சங்கதி. வீட்டுத் தரையில் தினமும் துடைத்துத் துடைத்து அது தெரியாமல் போகிறது. நான் அறுத்தபோது புதிய முகங்களைத் திறந்துவிட்டேன், முதுகும் ஓரமும் ஈரத்தை உறிஞ்சத் தொடங்கின. நெஞ்சில் வியர்வை, வெளியே சென்னைக் காற்று. செம்புறாங்கல்லில் சாயம் இறங்கியதும் இதனால்தான், துளைக்குள் தங்கிய நுண்பொடி வியர்வையோடு கலந்து துணிக்குப் போனது.

இப்போது நான் செய்கிற முறையைச் சொல்கிறேன், அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அறுத்த கல்லை நல்ல தண்ணீரில் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி வைக்க வேண்டும், உப்பும் பொடியும் இறங்கும் வரை. பிறகு வெயிலில் உலர்த்தி, கடைசியில் அடுப்புப் பெட்டியில் நூறு டிகிரிக்கு மேல் போகாமல் நிதானமாகக் காய வைக்கிறேன். தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், தராசில்தான் உண்மை தெரியும். இரண்டு முறை நிறுத்து எடை மாறாமல் நின்றால்தான் உள்ளே ஈரம் இல்லை என்று அர்த்தம். ஈரத்தோடு பிசின் ஏற்றினால் உள்ளே பால்போல் மங்கிவிடும். அதன்பின் தண்ணீர் போல ஓடுகிற எபாக்ஸிப் பிசினில் கல்லை மூழ்கடித்து வெற்றிடப் பாத்திரத்தில் வைக்கிறேன். பம்பு காற்றை இழுக்கும்போது கல்லுக்குள்ளிருந்து குமிழ் குமிழாக வரும். குமிழ் நின்ற பிறகு காற்றைத் திறந்துவிட்டால் பிசின் துளைக்குள் புகுந்துகொள்ளும். மேலே தூரிகையால் வார்னிஷ் அடிப்பது உதவாது, சில மாதத்தில் உரிந்துவிடும். பிசினையும் கடினமாக்கியையும் கண்ணளவில் கலக்காமல், டப்பாவில் போட்டிருக்கும் விகிதப்படி தராசில் நிறுத்துக் கலக்குங்கள். விகிதம் தவறினால் எத்தனை நாளானாலும் பிசுபிசுப்பு போகாது. கையுறை கட்டாயம். எபாக்ஸி சிலருக்குத் தோலில் ஒவ்வாமை கொடுக்கும், ஒருமுறை வந்தால் பிறகு விடாது. வெயில் படப் பட மஞ்சளாகும் குணமும் அதற்கு உண்டு. அதனால் வெள்ளைக் கல்லுக்கு இதைப் பயன்படுத்துவதை விட்டுவிட்டேன், சிவப்புக்கும் பச்சைக்கும் கறுப்புக்கும் மட்டும்தான்.

பணத்தை விடப் பெரிய விஷயம் தூசி. சிமெண்ட்டில் இருக்கிற மணலும் செம்புறாங்கல்லில் இருக்கிற படிகத் துகளும் சிலிக்கா. காய்ந்த கல்லைத் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத தூள் நுரையீரலுக்குள் போய்த் தங்கும், சிலிக்கோசிஸ் வந்தால் அதைக் குணமாக்க மருந்து இல்லை. ஆரம்பத்தில் அந்தத் தம்பி வாயில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்தார். துண்டு அந்தத் தூளைத் தடுக்காது. இப்போது எங்கள் பட்டறையில் தண்ணீர் சொட்டாமல் சக்கரம் சுற்றாது, மேலே என்95 முகக்கவசம். தரையைப் பெருக்குவது இல்லை, ஈரத்துணியால் துடைப்பதுதான். இதற்குச் செலவழிக்க முடியாது என்றால் தயவுசெய்து இந்தத் தொழிலுக்கு வராதீர்கள். கூலிக்கு வேலை செய்கிறவரின் மூச்சை வாங்கி விற்கிற நகை நமக்கு வேண்டாம்.

பத்தரோடு உட்கார்ந்து வேலை வரிசையையும் மாற்றினோம். வழக்கமாகக் கூடு கட்டி, பொடி வைத்து ஊதிப் பற்றவைத்து, அமிலத்தில் வெளுக்கப் போட்டு, மெருகேற்றி, கடைசியில் கல் பதிப்பார்கள். சின்னத் திருத்தம் வந்தால் கல் இருக்கும்போதே லேசாக நெருப்புக் காட்டுகிற பழக்கம் உண்டு. வைரம் பதித்த பொன்னில் கைதேர்ந்தவர்கள் அதைச் சமாளித்துவிடுவார்கள். இங்கே அது ஆகவே ஆகாது. நெருப்புப் பட்டால் பிசின் கருகும், மஞ்சள் காவி சிவப்பாக மாறிவிடும். வெளுக்கிற அமிலமோ சிமெண்ட்டை நுரைக்க நுரைக்கத் தின்னும். புளியும் எலுமிச்சையும் அதே வேலையைச் செய்யும். வெள்ளி கறுத்தால் புளி போட்டுத் தேய்ப்பது நம் வீட்டு வழக்கம் என்பதால், புளி, எலுமிச்சை, வினிகர் ஆகாது, மெல்லிய துணியால் துடைத்தால் போதும் என்று ஒவ்வொரு பெட்டியிலும் சீட்டு எழுதி வைக்கிறேன்.

மோதிரம் கேட்பவர்களுக்கு நான் இந்தக் கற்களில் செய்து தருவதில்லை. வீட்டுத் தூசியிலேயே படிகத் துகள் இருக்கிறது, அதன் கடினம் மோஸ் அளவில் 7. அதைவிட மெத்தான எந்தக் கல்லும் தினசரிப் புழக்கத்தில் கீறல் விழுந்து மங்கிவிடும். மோதிரமும் வளையலும் கண்ட இடத்தில் இடிபடுகிறவை. நம் மண்ணின் கல்தான் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்பவர்களுக்குத் தஞ்சாவூர் வல்லத்துப் படிகத்தையோ காங்கேயம் பக்கத்துக் கற்களையோ பாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். வல்லத்துப் படிகத்தில் மூக்குக் கண்ணாடியே செய்திருக்கிறார்கள், மோதிரத்துக்குத் தாங்கும்.

அடுத்தது பணம். திரும்பி வந்த சரக்கை உருக்கியதில் 40,000 ரூபாய் அளவுக்கு வெள்ளி கைக்கு வந்தது. கூலியும் கல்லும் போனது போனதுதான். கடை தரவேண்டிய 38,400 இன்றுவரை வரவில்லை. பிறகு காரைக்குடியில் ஒரு கணக்காளரிடம் போனபோதுதான் 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு தொழில் சட்டத்தைப் பற்றித் தெரிந்தது. உத்யம் என்கிற, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு வைத்திருக்கிற சின்ன உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கினால், எழுத்தில் எப்படிப் பேசியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி. இழுத்தடித்தால் அதற்கென இருக்கும் மன்றத்தில் முறையிடலாம். உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது, ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் வீட்டிலிருந்தே முடித்துவிடலாம். சரக்கு கொடுக்கும் முன்பே பதிந்துவிடுங்கள். என்னிடம் அப்போது பதிவும் இல்லை, வாட்ஸ்அப் பேச்சைத் தவிர எழுத்தும் இல்லை. விற்றால் பணம் என்கிற ஏற்பாட்டில் எது விற்றது என்பதே அவர்கள் சொன்னால்தான் தெரியும். இப்போது பாதிப் பணம் வந்த பிறகுதான் வெள்ளி வாங்குகிறேன், அன்றைய வெள்ளி விலையைப் பில்லிலேயே எழுதிவிடுகிறேன். வெள்ளி ஏறுகிற வேகத்தில் ஒரு மாதப் பழைய விலையைச் சொன்னால் கூலி முழுவதும் அதிலேயே கரைந்துவிடும்.

நான் எழுந்து நிற்பதற்குள் இன்னொன்று நடந்தது. என் பூக்கல் தோட்டின் வடிவத்தை அப்படியே எடுத்து, கல்லின் படத்தைக் காகிதத்தில் அச்சடித்து, மேலே பிசின் ஊற்றி, 'ஆத்தங்குடி ஸ்டோன்' என்று 350 ரூபாய்க்கு விற்றார்கள். என் விலை 3,200. வாங்கினவர்களில் சிலர் என்னையே கொள்ளைக்காரி என்று திட்டினார்கள். அழுததை மறைக்க விரும்பவில்லை. 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில் வடிவத்தைப் பதியலாம், பத்து வருடப் பாதுகாப்பு, மேலும் ஐந்து வருடம் நீட்டிக்கலாம். ஆனால் வடிவம் புதியதாக இருக்க வேண்டும். விண்ணப்பிப்பதற்கு முன்னால் ஊருக்குக் காட்டிவிட்டால் புதியது என்ற தகுதி போய்விடும். என் படங்கள் எல்லாம் இன்ஸ்டாகிராமில் ஏற்கெனவே இருந்தன. எனவே எந்த வடிவம் உங்களுக்குச் சோறு போடும் என்று நினைக்கிறீர்களோ, அதைப் பதிய விண்ணப்பித்த பிறகு படம் போடுங்கள். எல்லா வடிவத்துக்கும் செலவு செய்ய முடியாது, ஓரிரண்டுக்குச் செய்யலாம்.

பில்லில் இருப்பதை இருக்கிறபடி எழுதுங்கள். 'செம்புறாங்கல், எபாக்ஸி ஏற்றியது, 92.5 வெள்ளி, இத்தனை கிராம்.' ஒரு அம்மாள் எங்கள் பதக்கத்தை ரத்தினப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டு போய்விட்டு, "பிசின் இருக்கிறது என்று சொல்கிறார்களே" என்று கேட்டார். பில்லை எடுத்துப் பாருங்கள் என்றேன், பார்த்தார், அடுத்த மாதம் மகளுக்கும் வாங்கினார். கல் எங்கிருந்து வந்தது என்பதற்கும் சீட்டு வேண்டும். நான் வீடு இடிக்கிற ஒப்பந்தக்காரரிடம் பில் வாங்கிக்கொள்கிறேன். பூமியில் தோண்டி எடுக்கிற கல்லுக்குக் கனிமத் துறை அனுமதி வேண்டும். கோயில் மதில், ஊருணிப் படித்துறை இவற்றிலிருந்து பெயர்ந்து கிடக்கிற கல்லாக இருந்தாலும் தொடாதீர்கள், அவை ஊருக்குச் சொந்தம். தொண்டிக் கரையிலிருந்து பவளப்பாறைத் துண்டு கொண்டுவந்து தருகிறேன் என்று ஒருவர் வந்தார். அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் காப்புப் பெற்றது, வைத்திருந்தாலே வழக்கு. குன்றிமணி கேட்பவர்களும் உண்டு. பத்தர்கள் ஒரு காலத்தில் பொன் நிறுத்த விதைதான், சிவப்பும் கறுப்புமாகக் கண்ணைப் பறிக்கும். ஆனால் உள்ளே அப்ரின் என்ற கொடிய விஷம். ஓடு உடையாத வரை பெரிய ஆபத்தில்லை, துளை போட்டால் விஷம் வெளியே வரும், அந்தத் தூளும் ஆகாது. குழந்தை கடித்தால் உயிருக்கே ஆபத்து. நான் அதை வாங்குவதே இல்லை.

இப்போது எந்தப் புதுக் கல்லானாலும் விற்பனைக்கு முன் எங்கள் வீட்டிலேயே சோதனை. வெள்ளை வேட்டித் துணியை உப்புத் தண்ணீரில் நனைத்துக் கல்லைச் சுற்றி இரவு முழுக்க வைக்கிறேன், கறை தெரிந்தால் திரும்பப் பிசினுக்கு. அக்னி நட்சத்திர வெயிலில் மொட்டைமாடியில் கிடக்கும். அப்புறம் நானே போட்டுக்கொண்டு சமையல் செய்கிறேன், வியர்க்கிறேன், மழையில் நனைகிறேன். பூக்கல்லும் செம்புறாங்கல்லும் இதில் தேறிவிட்டன, கொட்டாங்கச்சி ஆரம்பத்திலிருந்தே தொல்லை கொடுக்கவில்லை. வளையலைப் போன சித்திரையில் மீட்டேன். பனை வைரத்தில், அதாவது பனைமரத்தின் இறுகிய மரப்பகுதியில், செய்த மணிகள் கறுப்பும் பொன்னிழையுமாக மிக அழகாக வந்திருக்கின்றன, பலர் கேட்டுவிட்டார்கள். நார்களுக்கு நடுவே விரிசல் விடுகிறதா என்று இன்னும் தெரியவில்லை. இந்த ஐப்பசி கார்த்திகை கழிந்து தை வரட்டும், அதுவரை அவற்றுக்கு விலை சொல்லப் போவதில்லை.